குறை எண் பதினாறு

சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி

மாமாவின் மகளுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. கிடைக்கவே இல்லை என்று பின்னால் நான் சாதித்துவிடுவேனோ என்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள். கிடைத்தது. தபால்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி, நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்களும் விசாரிக்கவில்லை. அதனால் அதை விட்டுவிடலாம்.

நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது உங்களுக்குப் பதினேழு வயது. அன்றிலிருந்து உங்களிடம் ‘நீ’ என்றுதான் பேசியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் ‘நீங்கள்’ என்று எழுதுகிறேன். மரியாதை கூடிவிட்டது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். முன்பின் தெரியாதவர்களிடம் நான் அப்படித்தான் பேசுவேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் எண்ணைத் தடுத்துவிட்டீர்கள். குடும்பக் குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டீர்கள். மாமாவின் போனிலிருந்து வெள்ளிக்கிழமை மூன்று தடவை கூப்பிட்டேன். என் குரல் காதில் விழுந்ததும் மூன்று தடவையும் பட்டென்று வைத்துவிட்டீர்கள். நான்காவது தடவை எடுக்கவே இல்லை. அதனால்தான் காகிதமும் பேனாவும். கூரியர் கடைக்காரர் செவ்வாய்க்கிழமை உங்கள் கையில் சேர்ந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். தயவுசெய்து கிழித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள். கடைசியில் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கோபம் முதலில் இறங்கினால்தான் என் கைக்கு அது வரும்.

நீங்கள் எழுதியதன் சாரம் இது. மாமா இருக்கும் வீடு குப்பைமேடு. பூச்சியும் பூஞ்சையும் பறவை எச்சமுமாக நாறுகிறது. அதை நானே படம் பிடித்து, நானே எண் போட்டு, நானே ‘குறை’ என்று எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறேன். பதினெட்டாம் தேதி நீங்கள் வருகிறீர்கள். மாமாவுக்கும் சேர்த்துப் போகும் டிக்கெட் எடுத்தாயிற்று, அவருக்குத் திரும்பி வரும் டிக்கெட் கிடையாது. பிறகு அந்த வரி: “என் அப்பாவுக்கு நீங்கள் யார்?”

அந்தக் கேள்விக்கே முதலில் வருகிறேன். சட்டப்படி யாருமில்லை. உங்கள் அண்ணன் என்னை விவாகரத்து செய்து ஐந்து வருடமாகிறது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, “அப்பா, நீங்களும் வாங்க” என்று வாசலில் நின்று கூப்பிட்டார். மாமா அப்போது ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீ போப்பா, எனக்கு இந்தக் கட்டில்தான் முதுகுக்குச் சரியா இருக்கு” என்றார். அவ்வளவுதான் நடந்தது. நான் அவரைப் பிடித்து வைக்கவில்லை. இரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்து வருடமாக அவர் அந்தக் கட்டிலில்தான் தூங்குகிறார், நான் அடுத்த அறையில். காலையில் அவருடைய இருமலைக் கேட்டுத்தான் நான் எழுந்திருக்கிறேன். இதற்கு என்ன உறவு என்று எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. அது எனக்கும் தெரியும், நீங்கள் சொல்லித் தர வேண்டாம்.

இனி அந்தப் படங்கள்.

என் வேலை என்ன என்று உங்களுக்கு மறந்திருக்கும். ஊசி மருந்துக் குப்பிகளில் குறை பார்ப்பது. விளக்குக்குக் கீழே கறுப்புப் பலகை, அதை ஒட்டி வெள்ளைப் பலகை. குப்பியைத் தலைகீழாகச் சுழற்றி, கறுப்புக்கு முன்னால் ஐந்து நொடி, வெள்ளைக்கு முன்னால் ஐந்து நொடி பார்க்க வேண்டும். உள்ளே முடி மிதக்கிறதா, நூல் மிதக்கிறதா, கண்ணாடித் துகள் மின்னுகிறதா. இருந்தால் ஒதுக்கி, படம் எடுத்து, பக்கத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். தூசி என்றால் என்ன என்று எனக்குக் கடிதம் எழுதிப் பாடம் நடத்துகிறீர்கள் பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் சுத்த அறைக்குள் ஒரு கொசு புகுந்துவிட்டது. ஒரே ஒரு கொசு. மேற்பார்வையாளர் அம்மா அதை இரண்டு கைகளாலும் அடிக்கப் போய், அது தப்பித்து, எங்கள் தலைக்கு மேலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. விதிப்படி அறையை மூடிப் புகைபோட்டு, கழுவி, மறுநாள்தான் திறக்க வேண்டும். காலை எட்டரைக்கு நாற்பது பெண்களையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பதினோரு வருடத்தில் எனக்கு இப்படி ஒரு லீவு கிடைத்ததே இல்லை. ஒன்பதரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்த என்னைப் பார்த்து, வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்களா என்று மாமா பயந்துபோனார். கொசுக் கதையைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அந்தக் கொசுவுக்கு ஒரு மாலை போடணும்மா” என்றார்.

மாமாவின் கண் உங்களுக்குத் தெரியும். பேப்பரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறார். தலைப்பு மட்டும்தான் தெரிகிறது, மிச்சத்தை நான் படிக்க வேண்டும். அன்றைக்குச் சமையலறை ஜன்னலில் எறும்புகள் ஒரு பூச்சியின் இறக்கையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போயின. நான் அதைச் சொன்னேன். எனக்குத் தெரியலையே என்றார். குரலில் ஒரு ஏக்கம். உடனே அந்தப் பூதக்கண்ணாடியை என் போனுக்கு முன்னால் அவரையே பிடிக்கச் சொல்லி, படம் எடுத்து, டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். டிவி முழுக்க ஒரு எறும்பு. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டிவிக்கு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர் அல்லவா, “ஓவர்லோடு, பிடிச்சா ஃபைன்தான்” என்றார். பிறகு, இன்னும் என்னம்மா இருக்கு நம்ம வீட்டுல என்று கேட்டார். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. சாயங்காலம் வரை இருவரும் வீட்டை ஒரு அங்குலம் விடாமல் தேடினோம். அவர் கண்ணாடி பிடிப்பார், நான் எடுப்பேன், பிறகு டிவி. சாப்பாடே மூன்று மணிக்குத்தான்.

சீட்டு விஷயம் என் தப்பு. அதை மறைக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் அச்சுப் பிழையாகி ஒதுக்கிய சீட்டுக் கட்டு ஒன்றை, பின்பக்கம் எழுத உதவும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். குறை எண், இடம், விவரம், கண்டவர் என்று நாலு வரி அச்சிட்டிருக்கும். எந்தப் படம் எங்கே எடுத்தது என்று தெரிய வேண்டுமே என்று, கைப்பழக்கத்தில் அதையே நிரப்பி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டேன். பதினோரு வருடமாகச் செய்வதால் அந்தச் சொல் என் கண்ணில் படவே இல்லை. கண்டவர் என்ற இடத்தில் மாமாவின் பெயரை எழுதச் சொல்லி, கீழே கையெழுத்தும் அவரே போட்டார். அதுவும் உங்கள் கடிதத்தில் ஒரு குற்றமாக வந்திருக்கிறது. கண் தெரியாத மனிதரிடம் மிரட்டிக் கையெழுத்து வாங்கினேனாம். அடேயப்பா.

உங்களுக்கு அனுப்பச் சொன்னதும் அவர்தான். பாப்பாவுக்கு அனுப்பும்மா, அவளுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும், சின்ன வயசுல தீப்பெட்டியில வண்டு வளர்த்தா என்றார். பதினெட்டுப் படத்தையும் அனுப்பினேன். பாப்பா பதில் போட்டாளா, பாப்பா பதில் போட்டாளா என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்ட பதில் என் கைக்குப் பதிவுத் தபாலில் வந்தது. அவரிடம் இன்னும் படித்துக் காட்டவில்லை.

நீங்கள் வரிசை போட்டுக் கேட்டிருப்பதால் நானும் வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்றாவது படம். குளியலறைக் கதவின் அடிக்கட்டையில் காளான். ஆமாம், முளைத்தது. மழை பத்து நாள் விடாமல் பெய்தது. குடை விரித்த மாதிரி ஐந்து காளான், நகத்தின் அளவு. அந்தக் கட்டையை வீட்டுக்காரர் மாற்றித் தருவதாக இரண்டு மழைக்காலமாகச் சொல்கிறார். இதில் அலட்சியம் யாருடையது என்று அவரைக் கேளுங்கள்.

ஐந்தாவது படம். “அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் பறவை எச்சம், அதைத் துடைக்காமல் நின்று படம் எடுத்திருக்கிறீர்கள், மனசாட்சி இருக்கிறதா” என்று எழுதியிருக்கிறீர்கள். மனசாட்சி இருக்கிறது. அது எச்சம் இல்லை. புழு. எலுமிச்சைத் தொட்டியில் இருந்த வண்ணத்துப்பூச்சிப் புழு, இலையோடு தட்டில் வைத்திருந்தோம். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும், அப்போதுதான் பறவை அதைத் தொடாது. அது பறவைகளை ஏமாற்றத்தான் அப்படி இருக்கிறது, நடுவில் நீங்களும் ஏமாந்துவிட்டீர்கள். படத்தை மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள், கால் தெரியும்.

எட்டாவது, சிலந்தி. வலையோடு விட்டு வைத்தது மாமாதான். ஒன்பதாவது, மருந்து அலமாரி மேல் குளவி கட்டிய மண் கூடு. வீடு பெருக்கி எத்தனை மாதமாயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். குளவிக்கு அந்தக் கூடு கட்ட இரண்டு நாள் போதும். நான் தினமும் பெருக்குகிறேன். வேண்டுமானால் உங்கள் ஊர் வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாருங்கள், உங்களுக்கு ஜன்னல் திறக்கும் வசதி இருந்தால். பதினொன்று, பாசி. பன்னிரண்டு, முளைவிட்ட வெங்காயம். முளைவிட்ட வெங்காயத்துக்கெல்லாம் ஒரு மனுஷி பதில் எழுத வேண்டியிருக்கிறது, என் தலையெழுத்து. பதின்மூன்று, பல்லி உரித்துப் போட்ட தோல். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாமா அரை மணி நேரம் தடவிப் பார்த்தார், விரல்கூட அப்படியே உறை மாதிரி இருந்தது. அதுவும் உங்களுக்கு அருவருப்பாக இருந்திருக்கிறது.

ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்கள் அப்பா இந்த வீட்டுக்குள் ஊர் சுற்றினார். அதை நீங்கள் படம் படமாக எடுத்து என் முகத்தில் அறைந்திருக்கிறீர்கள். உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எழுதும்போதே சொல்லிவிடுகிறேன்.

பதினாறாவது படம்.

இங்கேதான் நான் நேற்றிலிருந்து நாலு காகிதம் கிழித்தேன்.

அன்று சாயங்காலம் பின்வாசல் படியில் மாமா உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ ஒரு பொறிவண்டு வந்து அவர் வலது பாதத்தின் மேல் உட்கார்ந்தது. நான்தான் பார்த்தேன். அசையாதீங்க மாமா என்றேன். அவர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். சிவப்பு முதுகில் ஆறு கறுப்புப் புள்ளி, ஒவ்வொன்றாக எண்ணிச் சீட்டில் எழுதினேன். அன்றைக்கு எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அதை இரண்டு நாள் என் போனின் முகப்பில் வைத்திருந்தேன்.

அதற்கு நீங்கள் எழுதியிருந்த வரி எனக்கு மனப்பாடம். “கட்டைவிரலில் அழுக்கு அப்பியிருக்கிறது. பூச்சியைப் படம் எடுக்க நேரம் இருக்கிறது, என் அப்பாவின் காலைக் கழுவிவிட நேரமில்லையா?”

மற்ற பதினேழையும் பொறுத்துக்கொண்டேன். இதை முடியவில்லை. தினமும் காலையில் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போகிறேன், அவரே குளிக்கிறார், கூச்சப்படுவார் என்று நான் பக்கத்தில் போவதில்லை. புதன்கிழமை சாயங்காலம், வந்த வேகத்தில் கைப்பையைக்கூடக் கழற்றாமல், ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் சோப்பும் துணியும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். காலைக் கழுவி, பளிச்சென்று படம் எடுத்து, உங்களுக்கு அனுப்பி, பார்த்துக்கோ என்று சொல்ல வேண்டும். அதுதான் என் எண்ணம். மாமா ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். எதுக்கும்மா இதெல்லாம் என்றார். சும்மா நீட்டுங்க மாமா என்றேன்.

தேய்த்தேன். போகவில்லை. கட்டைவிரல் நுனியில், நகத்துக்குக் கீழே, ஒரு பொட்டு அளவு கறுப்பு. துணியை நனைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கோபத்தில் தேய்த்தேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும், உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு தேய்த்தேன். துணியில் தோல் வந்தது. ஒரு வாடை வந்தது. நான் அப்படியே அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, “இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?” என்று கேட்டார்.

அவருக்குத் தெரியவே இல்லை. தோல் கழன்று வந்தது தெரியவில்லை. நான் தொட்டதே தெரியவில்லை.

அது அழுக்கு இல்லை. அழுக்காக இருந்திருக்கலாமே என்று அன்றிலிருந்து நினைக்காத நேரமில்லை. நீ சொன்னது மாதிரி நான் கழுவாமல் விட்ட அழுக்காகவே இருந்து தொலைத்திருக்கலாம். ‘நீங்கள்’ எல்லாம் இனி எனக்கு வராது, விட்டுவிடு. இதைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

வியாழக்கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரை நரம்பைச் சாப்பிட்டுவிட்டது என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண், பொறுமையாகத்தான் பேசினாள். நைலான் இழை மாதிரி ஒன்றை வைத்துப் பாதத்தில் இடம் இடமாகத் தொட்டு, கண்ணை மூடிக்கொள்ளுங்கள் ஐயா, தெரிந்தால் சொல்லுங்கள் என்றாள். மாமா “தெரியுது, தெரியுது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் அந்த இழையை எடுத்து ஓரமாக வைத்த பிறகும் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விரலை எடுக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். விட்டால் பாதம், அதற்குமேல் விட்டால் கணுக்கால் என்று சொல்லியிருக்கிறாள். பதினெட்டாம் தேதி வரை காத்திருக்க முடியாது. இன்னும் ஒரு வாரம் நான் பார்க்காமல் இருந்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றும் சொன்னாள். ஒரு குப்பிக்குப் பத்து நொடி என்று லட்சக்கணக்கில் பார்த்த கண் இது. பொறிவண்டு முதுகில் ஆறு புள்ளியை எண்ணிய கண்ணுக்கு, அதற்கு இரண்டு அங்குலம் தள்ளி இருந்தது தெரியவில்லை. நீ அங்கே உட்கார்ந்துகொண்டு, என்மேல் இருந்த வெறுப்பில், குற்றம் தேடிப் பார்த்தாய். அதனால் உனக்குத் தெரிந்தது. உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இதைவிட எனக்கு ஒரு தண்டனை இல்லை. சொல்லிவிட்டேன், நன்றி.

இப்போது அவசரமான விஷயம். அறுவைக்கு மாமாவின் கையெழுத்தோடு உறவினர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். ஆஸ்பத்திரியில் படிவம் எழுதுபவர், நீங்க யாரும்மா என்று கேட்டார். மருமகள் என்றேன். மகன் எங்கே என்றார். பொய் சொல்லியிருக்கலாம், எனக்கு அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. பிரிந்துவிட்டோம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அப்போ நீங்க போட முடியாதும்மா, மகனோ மகளோ நேர்ல வரணும்” என்றார். நல்ல மனிதர்தான். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

உன் அண்ணனைக் கூப்பிடலாமா என்று மாமாவிடம் கேட்டேன். “அவன் கையெழுத்துப் போட்டு இந்த வீட்டுல ஒண்ணு போனது போதும்” என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. ஆகவே நீதான். நீங்களே பாப்பாவிடம் போனில் சொல்லுங்க என்றாலும், அவளை ஏம்மா பயமுறுத்தணும் என்று மாமா போனை வாங்கவே இல்லை. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் நீ இங்கே இருக்க வேண்டும். பதினெட்டாம் தேதி டிக்கெட்டை மாற்று. முடியாது, லீவு கிடைக்காது என்று எதுவும் சொல்லாதே. நீ அவரைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறாய் என்று தெரிந்தேதான் உன்னை முன்கூட்டியே கூப்பிடுகிறேன். இந்த விரலைக் காட்டி, பார்த்தீர்களா, இவள் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான் என்று நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

வந்ததும் என்னைத் திட்ட வேண்டும் என்று இருக்கும். தாராளமாகத் திட்டு. ஆனால் வாசலில் நின்று ஆரம்பிக்காதே. சமையலறைக்கு வா, கதவைச் சாத்திக்கொண்டு திட்டு. அவர் காதில் விழ வேண்டாம். அவருக்குக் கண்தான் போயிருக்கிறது, காது நன்றாகக் கேட்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்த பிறகு, பாப்பா என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. உன் கடிதத்தின் உறையைத் தடவிப் பார்த்து ஊகித்திருப்பார் போலிருக்கிறது. ஆமாம் என்றேன். “சரி, நான் போயிடறேம்மா. பிரேக் மிதிக்கற விரலே போயாச்சு, இனி உனக்கு எதுக்கு இந்தப் பழைய வண்டி?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சமையலறைக்கு வந்துவிட்டேன். அங்கே நின்று அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். அரிசி கழுவுகிற தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அதனால் இதைக் கவனமாகப் படி. நீ வந்து, என்னோட வர்றீங்களாப்பா என்று கேட்டால், வர்றேன் என்று உடனே சொல்வார். உற்சாகமாகக்கூடச் சொல்வார், உன் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார், விமானத்தில் ஜன்னல் பக்கம் இடம் கிடைக்குமா என்று கேட்பார். எனக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிற பதில் அது. அதை நம்பிப் பெட்டி கட்டிவிடாதே. ஒரு நாள் விட்டு இன்னொரு தடவை கேள். அப்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன், வேலைக்குப் போய்விடுகிறேன். நான் இருந்தால் அவர் என் பக்கம் திரும்பாமல் பதில் சொல்லமாட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே வர ஆசையா அப்பா என்று கேள். அப்போதும் வருகிறேன் என்றால் அவருடைய சட்டையெல்லாம் நானே துவைத்து, மடித்து, மாத்திரைகளை வேளைவாரியாகக் கட்டித் தருகிறேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன்.

அவர் பேசாமல் இருந்தால், அந்தப் பேசாமல் இருப்பதைக் கேள். அதுதான் அவருடைய பதில்.

எனக்குப் பிள்ளை இல்லை. புருஷன் இல்லை. உனக்கு அங்கே வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். அவர் அங்கே வந்தால் உங்களுக்கு ஒரு அப்பா, ஒரு தாத்தா கூடுதலாகக் கிடைப்பார். இங்கிருந்து போனால் எனக்கு என்ன மிஞ்சும் என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. நீ என்னை வெறுத்துக்கொண்டே இரு. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. கையெழுத்துப் போடு, அவர் பிழைத்து எழுந்திருக்கட்டும், ஒரு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆசை தீரப் பார்த்துக்கொள். பிறகு அவரை என்னிடமே விட்டுவிட்டுப் போ.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். பத்திரமாக வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அப்பாவுக்கு யாருமில்லாதவள்